பாலைநாச்சி காட்டின் கிழக்குப் பாதி

1979ஆம் ஆண்டு ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள் காலையில், பூமயில் களைசுரண்டியை முந்தானைக்குள் சுற்றி மறைத்துக்கொண்டு பாலைநாச்சி காட்டுக்குள் நுழைந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. பிறந்ததும் பாலையேந்தல், வாக்கப்பட்டதும் பாலையேந்தல். பங்குனிப் பொங்கலைத் தவிர வேறு நாளில் யாரும் அந்தக் காட்டுக்குள் கால்வைத்து அவள் பார்த்ததில்லை. இரும்பை எடுத்துக்கொண்டு எந்த நாளிலும் யாரும் போனதில்லை.

உச்சிப்புளியிலிருந்து தெற்கே போகும் மண்பாதையில், கடலுக்கு இரண்டு மைல் முன்னால் இருக்கிறது பாலையேந்தல். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு. அதன் மேல் பதினோரு ஏக்கரில் அந்தக் காடு. பாலை, வீரை, காயா, குருந்து என்று அடர்ந்து கிடக்கும். ஒரு மரமும் நெடுநெடுவென்று வளர்ந்ததில்லை. ஒன்றுக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டு, கடல்காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குனிந்து நிற்கும். சித்திரை வெயிலில் சுற்றுவட்டாரம் முழுக்க வெளுத்துப் போனாலும் அங்கே மட்டும் இலை உதிராது. நண்பகலில் உள்ளே போனாலும் அந்தி மாதிரிதான் இருக்கும்.

காட்டுத் தெய்வமான நாச்சிக்குக் கோபுரம் கிடையாது. காட்டின் நடுவில் ஒரு கல், அவ்வளவுதான். காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே போகக் கூடாது என்பது ஊர் விதி. பொங்கல் வைக்கிற பெண்கள் விறகை வீட்டிலிருந்து கொண்டுபோவார்கள். திரும்பும்போது தலைமுடியில் ஒரு சருகு ஒட்டியிருந்தாலும் எல்லைக்கல்லுக்கு இந்தப்பக்கம் வருமுன் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். ஏர்க்காலுக்கு என்று ஒருவன் கிளை ஒடித்ததாகவும், கிளை வீடு போய்ச் சேருமுன் அவன் கண் அவிந்ததாகவும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவன் யார், எந்தக் காலத்தவன் என்று யாருக்கும் தெரியாது.

பூமயிலும் அதை நம்பியவள்தான். ஆனால் நாச்சியைவிட அவளைப் பயமுறுத்திய ஒன்று இருந்தது. அது சீமைக்கருவேல்.

அவள் புருஷன் பால்சாமி கரிமூட்டம் போட்டு அடுப்புக்கரி எடுக்கிறவன். 1974இல் கல்யாணம் முடிந்த மறுவாரத்திலிருந்து அவனோடு சேர்ந்து அவளும் கருவை வெட்டினாள். ஊர்க் கண்மாய்க்குள் அப்போது தண்ணீர் நின்றது, ஓரத்தில்தான் கருவை. நான்கு வருஷத்தில் கண்மாய்க்குள் ஆள் நுழைய முடியாமல் போயிற்று. அவர்களுக்கென்று முக்கால் ஏக்கர் புஞ்சை இருந்தது. மழை பொய்த்து இரண்டு வருஷம் விதைக்காமல் போட்டார்கள். மூன்றாம் வருஷம் ஏரோடு போனபோது வரப்பு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்தது. தீ வைத்தால் சாம்பலுக்குள்ளிருந்து எழும்பியது. அதை வெட்டித்தான் அவர்கள் வயிறு நிறைந்தது என்றாலும், அதன் பூஞ்சையான சின்ன இலையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வரப்பு காணாமல் போன புஞ்சைதான் நினைவுக்கு வந்தது.

1978 கார்த்திகையில் புயல் அடித்தது. காட்டுக்குள் முப்பது மரங்களுக்கு மேல் சாய்ந்தன. அதுவரை வானத்தையே பார்க்காத தரையில் வெயில் விழுந்தது. ஊரைத் தண்ணீர் சூழ்ந்திருந்ததால் ஆடுகளை ஏற்றிவிட மேட்டைத் தவிர வேறு இடம் இல்லை. ஐந்து நாள் ஆடுகள் காட்டுக்குள்ளேயே கிடந்தன. அந்த ஆடுகள் மழைக்கு முன்புவரை தின்றது விதை நிறைந்த கருவை நெற்று.

மறு பங்குனியில் பொங்கல் வைக்கக் குனிந்தபோது, ஆட்டுப் புழுக்கைக் குவியலுக்குள்ளிருந்து இரண்டிரண்டு இலையாக அது முளைத்திருப்பதைப் பூமயில் பார்த்தாள். எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். வெயில் விழுந்த இடமெல்லாம் இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்களிடம் காட்டினாள். நாச்சி பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுப்பை ஊதினார்கள்.

காட்டையும் கோயிலையும் பரம்பரையாகக் கவனிக்கிற முறைகாரர் மருதுபாண்டி. நாற்பது ஏக்கர் நிலம் உள்ள குடும்பம். பூமயில் நாற்று நட்டு, களை பறித்து வளர்ந்ததெல்லாம் அவர் வயலில்தான். அவர் களத்துமேட்டில் நின்றபோது போய்ச் சொன்னாள்.

"நாச்சி காட்டுக்குள்ள கருவ மொளச்சிருக்குய்யா. இப்பமே பிடுங்கிட்டா போயிரும். விட்டுட்டம்னா கண்மாய் மாதிரி ஆயிரும்."

"உள்ள மொளைக்கிறது பூராம் நாச்சிக்குச் சொந்தம்" என்றார் அவர். "எது வேணும், எது வேணாம்னு சொல்ல நீ யாரு?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அது அவருக்கு அவ்வளவு தெளிவான விஷயம். சுள்ளி எடுக்கக் கூடாத இடத்தில் செடியைப் பிடுங்குவது எப்படி?

பூமயில் ஆறு மாதம் பொறுத்தாள். ஒவ்வொரு மாதமும் எல்லைக்கல்லுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். முழங்கால் உயரம் வந்துவிட்டது. மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்கினால்தான் வேர் முழுசாக வரும் என்பதால் ஐப்பசிக்குக் காத்திருந்தாள்.

அன்று கிழக்குப் பக்கமாகத்தான் நுழைந்தாள், அங்கேதான் ஊர்க்கண்ணில் படாது. மூன்று காலைப் பொழுதுகள் பிடுங்கினாள். பிடுங்கிய செடியை என்ன செய்வது என்பதுதான் சிக்கலாக இருந்தது. தரையில் போட்டால் ஈரத்தில் மறுபடி வேர் பிடிக்கும். வெளியே கொண்டுபோவது விதிக்கு விரோதம். அதனால் ஒவ்வொரு செடியையும் வேர் மேலாகத் தலைகீழாகப் பாலை மரக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டாள். மூன்றாம் நாள் அவள் வெளியே வந்தபோது ஐந்நூறு அறுநூறு செடிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு இலைகூட எல்லையைத் தாண்டவில்லை.

கார்த்திகையில் ஊர் மாடுகள் சாகத் தொடங்கின. காலையில் நன்றாகத் தீவனம் தின்ற மாடு மாலையில் வயிறு உப்பிக் கிடக்கும். பத்து நாளில் பதினோரு மாடுகள். உச்சிப்புளியிலிருந்து வந்த கால்நடை ஆஸ்பத்திரி ஆள் இது அடைப்பான் நோய், தோலை உரிக்காமல் ஆழமாகப் புதையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோரு மாடு, பதினோரு ஏக்கர் என்று ஊர் வேறு மாதிரி எண்ணிக்கொண்டது. காணாமல் போன கன்று ஒன்றைத் தேடிப் போனவர்கள் காட்டின் கிழக்கு ஓரத்தில் எட்டிப் பார்த்தார்கள். கிளை கிளையாகத் தலைகீழாகத் தொங்கிக் கொண்டிருந்த காய்ந்த செடிகளைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்கள். செய்வினை என்றார்கள்.

ஊர்க்கூட்டத்தில் யார் என்று கேட்டதும் பூமயில் எழுந்து நின்றாள். ஏன் செய்தாள் என்பதைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் யாரும் கேட்கவில்லை. இரண்டு கறவை மாடுகளைப் பறிகொடுத்திருந்த மருதுபாண்டியின் மனைவி சோணையம்மாள், தன் மாட்டைத் தின்றவள் இவள்தான் என்று எல்லோர் முன்னாலும் மண்ணை வாரித் தூற்றினாள். பால்சாமி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான்.

கடைசியாகப் பூமயில் சொன்னது இதுதான்: "நான் பிடுங்கலேன்னா நாச்சி இருக்க எடம் இருக்காதுய்யா."

ஒரு வருஷத்துக்கு அவளை யாரும் வயல்வேலைக்குக் கூப்பிடக் கூடாது, பேசக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அன்றிலிருந்து அவள் கிணற்றடிக்குப் போனால் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி நின்றார்கள்.

அந்த வருஷம் முழுக்க அவளுக்கே சந்தேகம் இருந்தது. ஒருவேளை மாடுகளைத் தான்தான் கொன்றோமோ என்று பல நாள் யோசித்திருக்கிறாள். சாணம் கிடந்த தெருவில் நடக்கும்போது கால் கூசியது என்று பின்னாளில் சொன்னாள். ஆனால் மறு ஐப்பசியில் மழை பெய்தது. எல்லைக்கல்லில் நின்று பார்த்தபோது, அவள் கை வைக்காத மேற்குப் பக்கத்தில் கருவை ஆள் உயரத்துக்கு வந்திருந்தது. கிழக்கில் புதிதாகக் கருவைக் கன்றுகள் முளைத்திருந்தன. இரும்பு கொண்டுபோனதுதான் குற்றமாக இருக்கும் என்று நினைத்து, இந்தமுறை வெறுங்கையோடு போனாள். எல்லைக்கல்லைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமானால் அவளோடு பேச வேண்டும். தூரத்தில் நின்று பார்த்தார்கள். இவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று ஊர் காத்திருந்தது. வருஷக் கெடு முடிந்த பிறகும் ஊர் அவளோடு பேசவில்லை; ஒவ்வொரு மழைக்கும் அவள் உள்ளே போனாள். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் வரப்பில் இரண்டு மூன்று பேர் நின்று அவள் முகத்தை, கையை, நடையைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

1983இல் அது நடந்தது. கருவை முள் ஒன்று வலது பாதத்தில் ஏறி உள்ளேயே ஒடிந்தது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். நாலாம் நாள் கால் கறுத்து வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. உச்சிப்புளிக் கரி வியாபாரி மதார், பால்சாமி மூட்டக் கரியை வாங்குகிறவர், தன் லாரியில் படுக்கவைத்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவள் ஊன்றுகோலோடு பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று ஊர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நாச்சி கணக்கைத் தீர்த்துவிட்டாள், இனி நமக்கு ஒன்றும் வராது.

பால்சாமி அதற்குப் பிறகு ஊரில் இருக்கவில்லை. பாம்பனில் கருவாடு காயப்போடும் வேலைக்குப் போனான். முதல் இரண்டு வருஷம் பங்குனிக்கு வந்தான்.

"போதும் புள்ள. அங்கன வந்துரு" என்றான் கடைசியாக வந்தபோது. "ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. அடுத்து என்ன போகும்னு எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் அவள். ஆனாலும் அவனோடு கிளம்பவில்லை. அடுத்த பங்குனிக்கு அவன் வரவில்லை.

ஒற்றை ஆளாக, சரியில்லாத காலோடு, அவளால் கிழக்குப் பாதியைத்தான் பார்க்க முடிந்தது. மேற்குப் பாதி அதன் போக்கில் போனது. இதில் விபரீதம் என்னவென்றால், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் காடு முன்னைவிடப் பசுமையாகத் தெரிந்தது. நாச்சி காட்டை வளர்க்கிறாள் என்று ஊர் சந்தோஷப்பட்டது. பங்குனியில் கல்வரைக்கும் போய்த் திரும்புகிற பாதை கிழக்கில் இருந்ததால் யாரும் மேற்கைப் பார்க்கவில்லை. பூமயில் பார்த்தாள். கருவைக்கு அடியில் பாலை மரங்கள் நின்றபடியே செத்துக்கொண்டிருந்தன. தரையில் ஒரு குருந்துக் கன்றுகூட இல்லை. சின்னான் குருவிகளின் சத்தம் அங்கே அடங்கிப் போயிருந்தது.

1992இல் கோயில் காரியத்துக்கு வருமானம் வேண்டும் என்று மருதுபாண்டியும் அவர் பங்காளிகளும் கூடினார்கள். நாச்சியிடம் பூக்கட்டிப் பார்த்தார்கள். சம்மதம் என்று வெள்ளைப் பூ வந்தது. மேற்குப் பக்கத்துக் கருவையைக் கரிக்கு ஏலம் விட்டார்கள். முள்செடியைத் தொட்டதற்காகப் பூமயிலை ஒதுக்கிவைத்த அதே ஊர் கோடாலிகளோடு உள்ளே போனது. அவள் மருதுபாண்டி வீட்டு வாசலில் போய் நின்றாள். வெட்டினால் ஒன்று நாலாகும், வேரோடு தோண்டி எடுங்கள், செத்த பாலையையும் விட்டுவிடுங்கள், அதில்தான் குருவி உட்காரும் என்றெல்லாம் சொன்னாள். நாச்சியே உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பதில் வந்தது.

ஏலம் எடுத்தவர் மதார். ஒரு மாதம் கழித்து அவர் பூமயில் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, மூட்டத்துல பாலக் கட்டை கிடக்கு. காஞ்சதுதான்னு வெட்டுறவனுக மொதல்ல சொன்னானுக. நேத்துப் பாத்தா பச்சை. பால் வடியுது. எனக்கு வேணாம் இது" என்றார்.

அவர் விலகிக்கொண்டார். வேறு ஊரிலிருந்து வேறு ஆள் வந்து மிச்சத்தை முடித்தான். இரண்டு வருஷத்தில் கருவை முன்னைவிட அடர்த்தியாக எழுந்தது. பாலை எழவில்லை.

1998 மாசியில், ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற லத்தீபா என்பவர் காட்டைப் பார்க்க வந்தார். கடற்கரையோரமாக இப்படிப்பட்ட காடுகள் எங்கெங்கே மிச்சம் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார். கயிற்றால் சதுரம் போட்டு அதற்குள் இருப்பதை எண்ணுவது அவர் வேலை. மேற்கில் போட்ட சதுரங்களில் கருவையைத் தவிர ஒன்றும் இல்லை. கிழக்கில் போட்ட முதல் சதுரத்திலேயே பாலையும் வீரையுமாக அறுபத்து மூன்று கன்றுகள் இருந்தன. அவரால் நம்ப முடியவில்லை. மறுபடி எண்ணினார். ஒரே காடு, ஒரே மண், நடுவில் ஒற்றையடிப் பாதை மட்டும்தான்.

இந்தப் பக்கத்தை யார் பராமரிக்கிறார்கள் என்று மருதுபாண்டியிடம் கேட்டார். யாரும் இல்லை என்றார் அவர். லத்தீபா இன்னும் கொஞ்சம் உள்ளே போனபோது, நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி மண்ணில் உட்கார்ந்தபடி நகர்ந்து நகர்ந்து கருவைக் கன்றுகளைப் பிடுங்கிக் கிளையில் மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமாச் செய்றீங்கம்மா?"

பூமயில் யோசித்தாள். வெளி ஆள் ஒருவர் தன்னிடம் ஏதாவது கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "பொயலடிச்ச மறுவருசத்துல இருந்து, தாயி" என்றாள்.

லத்தீபா எழுதியது மேலே போய்ச் சேர ஐந்து வருஷம் ஆயிற்று. காட்டைக் காக்க அரசாங்கத் திட்டம் ஒன்று வந்தது. முள்கம்பி வேலியும் காட்டின் பெயரெழுதிய பலகையும் முதலில் வந்தன. 2004இல் பொக்லைன் இயந்திரம் வந்தது. லத்தீபாவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஒப்பந்தக்காரருக்குக் கருவையை அகற்று என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். கருவைக்கு நடுவில் அங்கங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற வீரையும் காயாவும் இயந்திரத்துக்கு ஒன்றுதான். நாலு நாளில் மேற்குப் பாதி வெறும் மணலாயிற்று. அதுவரை அந்த மண்ணை இப்படி மொத்தமாகப் பகல் வெயிலில் பார்த்தவர்கள் கிடையாது. எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது.

ஐந்தாம் நாள் காலை இயந்திரம் ஒற்றையடிப் பாதைக்கு வந்து கிழக்கே திரும்பியது. பூமயில் எல்லைக்கல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடுகிற கால் அவளுக்கு இல்லை. மருதுபாண்டி அன்று வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார். அவருக்கு அறுபத்தைந்து வயது. மேற்கே இருந்த வெட்டவெளியை வெகுநேரம் பார்த்தார். அதற்கு அப்பால், தென்மேற்கே, கடல் தெரிந்தது. அவர் ஆயுளில் அந்த இடத்திலிருந்து கடல் தெரிந்ததே இல்லை. நடந்துபோய் இயந்திரத்தின் முன்னால் நின்று, போதும் நிறுத்து என்றார். பதினோரு ஏக்கர் என்று எழுதியிருந்த காகிதத்தை ஓட்டுநர் காட்டினார். இவர் நகரவில்லை.

அன்று சாயங்காலம் அவர் பூமயில் வீட்டுக்கு வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் வந்ததே அதுதான் முதல் தடவை. உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார்.

"அன்னைக்கு நீ சொன்னப்ப நான் கேக்கல. இப்ப என்ன செய்யணும்னு நீயே சொல்லு."

இருபத்தைந்து வருஷம். அவள் மனத்தில் என்னென்னவோ வந்திருக்க வேண்டும். தின்றவள் என்று மண் தூற்றியது, விரல் போனது, பாம்பனுக்குப் போனவன். அதையெல்லாம் அவள் எடுக்கவில்லை.

"மழை பெய்யட்டும்யா" என்றாள்.

திட்டத்தின் கடைசிப் பங்காக மேற்கே வரிசை வரிசையாக ஏதோ நாற்றங்கால் கன்றுகள் நட்டார்கள். அந்தக் காட்டுக்குச் சம்பந்தமில்லாத கன்றுகள். ஒரு கோடை தண்ணீர் ஊற்றினார்கள், பிறகு லாரி வரவில்லை, கன்றுகள் கருகின. ஐப்பசியில், விதைத்த வயல் மாதிரி கருவை பொங்கி வந்தது. ஆனால் இந்தமுறை பூமயிலோடு பதினான்கு பெண்கள் உள்ளே போனார்கள். சோணையம்மாளும் போனாள். முதல் நாள் அவள் பூமயிலுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்தாள். மாட்டைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. 2008இல் நூறு நாள் வேலையில் இதையும் சேர்த்தார்கள். அதற்குள் பாதையை ஒட்டி மேற்கே இருபது முப்பது அடிக்கு வீரைக் கன்றுகள் தாமாக முளைத்திருந்தன. கிழக்கிலிருந்து குருவிகள் கொண்டுபோன விதை. முழங்கால் உயரம்.

2009 ஆடியில் லத்தீபா வந்தபோது, கிழக்குப் பாதியின் தெற்கு ஓரத்தில் சில பாலை மரங்களின் உச்சி காய்ந்திருப்பதைப் பூமயில் காட்டினாள். பூச்சி இல்லை, கருவை இல்லை. இலை நுனியிலிருந்து பழுத்து உள்ளே வருகிறது. லத்தீபா காட்டோரத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக் கருவியில் சோதித்தார். பூமயில் கையில் ஏந்தி வாயில் விட்டுத் துப்பினாள். கரித்தது.

தெற்கே, காட்டுக்கும் கடலுக்கும் நடுவில், பத்துப் பன்னிரண்டு வருஷமாக இறால் குட்டைகள் இருக்கின்றன. கடல்நீரைக் கொண்டுவந்து தேக்குகிறார்கள்.

"உப்பு கீழேயிருந்து ஏறுதும்மா. வேர் குடிக்குது" என்றார் லத்தீபா.

பூமயில் குனிந்து தரையை விரலால் கிளறிப் பார்த்தாள். "பிடுங்குற மாதிரி இல்லையே தாயி" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை பதினைந்து பெண்களும் பஸ் ஏறி ராமநாதபுரத்துக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் இறால் குட்டைகளை மூடச் சொல்லி மனு கொடுத்தார்கள். பூமயில் முதலில் கைநாட்டு வைத்தாள். மனுவை வாங்கி எண் போட்டு, விசாரிக்கிறோம் என்றார்கள். மதியத்துக்குள் ஊர் திரும்பிவிட்டார்கள்.

திரும்பியதும் அவள் காட்டின் தெற்கு ஓரத்துக்குப் போய், கடைசியாகக் காய்ந்திருந்த மரத்தின் அடியில் ஒரு குச்சியை நட்டாள். உப்பு எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள. மனுவுக்குப் பதில் வரவில்லை. மார்கழியில் இரண்டாவது குச்சியை நட வேண்டியிருந்தது. காலை இழுத்து இழுத்து எட்டு வைத்து அளந்தாள். முதல் குச்சிக்கு வடக்கே பதினேழு எட்டு.